ஐயாயிரம் ரூபாயும் மாரி மழையும்: வன்னி வீடொன்றின் நத்தார் சோடனை

பின்னணி

இலங்கையின் வடக்கே வன்னியில், பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் பாதை ஒன்றில் இருக்கிறது இந்த வீடு. மீள்குடியேற்றத்தின் பின் வீட்டுத்திட்டத்தில் கட்டியது. இரண்டு அறை, ஒரு முன்கூடம், சிறிய விறாந்தை, பூசாத கல்சுவர், ஓட்டுக்கூரை. வீட்டில் ஐந்து பேர்: தந்தை, தாய், அம்மம்மா, உயர்தரப் பரீட்சை எழுதும் மகள், பத்து வயது மகன். இரண்டு ஏக்கர் வயல் செய்கிறார்கள். இடையில் கூலி வேலையும் உண்டு. கத்தோலிக்கக் குடும்பம்.

இங்கே எழுதியிருப்பது 2024 டிசம்பரில் அந்த வீட்டில் நடந்த நத்தார் (கிறிஸ்மஸ்) சோடனை பற்றியது. ஒதுக்கிய காசு ஐயாயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று தாய் முதல் நாளே சொல்லிவிட்டார்.

வயல் செய்யும் வீடுகளில் டிசம்பர்தான் கை மிக வறண்ட மாதம். உழவு, விதைநெல், களைநாசினி, உரம் என்று இருந்த காசெல்லாம் மாரிகால நெற்செய்கையான காலபோகத்துக்குள் போயிருக்கும். அறுவடைக் காசைத் தை கடைசி, மாசியில்தான் கண்ணால் காணலாம். அந்த ஆண்டு நவம்பர் கடைசி மழையில் பள்ளக்காணியில் இருந்த அரை ஏக்கர் பயிர் ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்தது. ஐயாயிரம் என்ற தொகை அப்படி வந்தது.

காசைவிடப் பெரிய சிக்கல் மழை. வன்னியில் நத்தார் எப்போதும் மாரியின் நடுவில் வருகிறது. 2018இல் டிசம்பர் 21, 22ஆம் திகதி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் நத்தாரை இடைத்தங்கல் முகாமில் கழித்தன. வெள்ளம் இல்லாத வருடத்திலும் வெயில் இராது. சுவர் ஈரம், நிலம் ஈரம், ஒட்டினது கழலும், காயவைத்தது பூஞ்சணம் பிடிக்கும். கடையில் விற்கிற கடதாசிச் சோடனைகளைச் செய்தவர்கள் இதை நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

முதல் வாரம்

நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் டிசம்பர் 1, ஞாயிறு தொடங்கியது. மகளின் பரீட்சை வெள்ளத்தால் நிறுத்தப்பட்டு 4ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. தவறிய பாடங்கள் மாதக் கடைசி வரை இழுக்கும் என்றும் தெரிந்தது. இதனால் இரண்டு கட்டுப்பாடுகள் வந்தன. வீட்டில் கைத்திறன் கூடிய ஆள் வேலைக்குக் கிடையாது. அவள் படிக்கிற முன்கூடத்தில் மின்னி மின்னி எரியும் வெளிச்சமும் கூடாது.

7ஆம் திகதி தந்தை சந்தைக்குப் போனபோது ஆயத்தமாக விற்ற கடதாசி நட்சத்திரம் ஒன்றை 950 ரூபாய்க்கும், பத்து மீற்றர் எல்ஈடி மாலை ஒன்றை 750 ரூபாய்க்கும் வாங்கி வந்தார். மூன்றடிப் பிளாஸ்ரிக் மரம் 3,200 என்றார்கள். கையில் இருந்த காசில் பாதிக்கு மேல் அதுவே விழுங்கும் என்று விட்டுவிட்டார். அந்த முடிவைப் பிறகு பேசலாம்.

நட்சத்திரம் விறாந்தை முகட்டில், வீதி பார்த்த பக்கம் தொங்கியது. எல்ஈடி மாலை படலை மேல் சுற்றப்பட்டது. இரண்டும் வாடைக்காற்று நேரே அடிக்கிற பக்கம்.

அன்றிரவே அம்மம்மா, "தம்பி, உது ஒரு மழைக்குக் காணாது, உள்ளுக்குக் கட்டுங்கோ" என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறார். நட்சத்திரம் வெளியிலிருந்து தெரிய வேண்டும் என்பதால் அது எடுபடவில்லை.

என்ன பழுதானது, ஏன்

12ஆம் திகதி விடிய நட்சத்திரத்தின் ஐந்து முனையில் மூன்று தொங்கிப் போயிருந்தன. உள்ளே மெல்லிய அட்டைச் சட்டம், மேலே கடதாசி, ஒட்டியது மாப்பசை. மூன்றும் ஈரத்துக்கு எதிரிகள். மாப்பசை நனைந்தால் மீண்டும் கூழாகும். அட்டை ஊறித் தன் பாரத்தைத் தாங்காது. காய்ந்த பிறகும் மடிந்த இடம் நிமிராது. பசை இருந்த ஓரங்களைக் கரப்பானும் அரித்திருந்தது. அந்தச் சாமானில் திருத்த ஒன்றும் இல்லை.

எல்ஈடி மாலையில் பாதி எரியவில்லை. மலிவான மின்மாலைகளில் குமிழ்களைப் பல கூட்டங்களாகத் தொடரிணைப்பில் கோர்த்திருப்பார்கள். ஒரு கூட்டத்தில் ஓர் இடத்தில் கம்பி அறுந்தாலோ கறள் பிடித்தாலோ அந்தக் கூட்டம் முழுவதும் இருளும். படலையைத் திறந்து மூடும்போது கம்பி ஒவ்வொரு முறையும் மடங்கியது ஒரு காரணம். மினுக்கும் வேகத்தை மாற்றுகிற சிறு பெட்டிக்குள் தண்ணீர் போனது மற்றது. அந்தப் பெட்டி வீட்டுக்குள் வைக்கச் செய்தது. அதை வெளியில் கட்டியதே பிழை. வெறுங்கையால் யாரும் தொடாதது அதிர்ஷ்டம்.

ஆக, 1,700 ரூபாய் போய், கையில் மிச்சம் 3,300. நத்தாருக்குப் பன்னிரண்டு நாள்.

எடுத்த முடிவுகள்

13ஆம் திகதி இரவு வீட்டார் இருந்து பேசி எடுத்த முடிவுகள் நான்கு.

முழு வீட்டையும் சோடிப்பதில்லை. முன்கூடத்தின் ஒரு மூலையும் வெளியே ஒரு நட்சத்திரமும் போதும். ஐந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் தொங்கவிடுவதைவிட ஒரு மூலையை நிறைவாகச் செய்தால் குறைந்த காசிலும் கண்ணுக்கு நிறையும்.

காசு முக்கியமாக மின்சாமானுக்கு. வயர், பிளக், ஹோல்டர், குமிழ் இவற்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது. மற்றதெல்லாம் கூடியவரை வளவிலும் அயலிலும் கிடைப்பதைக் கொண்டு செய்வது.

வெளியே போகிற எதிலும் கடதாசியும் மாப்பசையும் இல்லை.

நான்காவது, வேலையைக் காயும் நேரத்தின் கணக்கில் அடுக்குவது. காய நாள் எடுப்பவற்றை முதலில் தொடங்க வேண்டும், முளைக்கவேண்டியதை நாள் எண்ணி விதைக்க வேண்டும், கட்டித் தொங்கவிடுவது கடைசி. நான்கிலும் கூடப் பலன் தந்தது இதுதான், ஆனால் பன்னிரண்டு நாளே இருந்ததால் அரைகுறையாகத்தான் நடந்தது.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைக் கைவிட்டார்கள். ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு தொட்டால் கையோடு வரும். அதற்குப் பதில் தாயின் பழைய நீலச் சேலை ஒன்றை மூலைச் சுவர் இரண்டையும் மறைத்துக் கட்டினார்கள். செலவு இல்லை, பூசாத கல்லும் மறைந்தது, இயேசு பிறப்பைக் காட்டும் குடிலுக்குப் பின்னால் வானமும் ஆயிற்று.

நட்சத்திரம் கட்டிய விதம்

மூங்கில் அந்தப் பக்கம் எளிதில் கிடைக்காது. பனம் மட்டை தாராளம். விழுந்து காய்ந்த மட்டை மூன்று எடுத்து, முதலில் இரு கரையிலும் உள்ள கருக்கைச் சீவித் தள்ளினார்கள். பிறகு நீளவாக்கில் பிளந்து, ஒரு சென்ரிமீற்றர் அகலம், அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் சிம்புகள் சீவினார்கள். தொண்ணூறு சென்ரிமீற்றர் நீளத்தில் பத்து, இருபத்தொரு சென்ரிமீற்றர் நீளத்தில் ஐந்து. பச்சை மட்டை கூடாது. காயும்போது சுருங்கிக் கட்டு தளரும். மழையில் நனைந்திருந்த இவர்களது சிம்புகள் அடுப்புக்கு மேலே இரண்டு நாள் கிடந்தன.

அளவில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். ஐந்து சிம்புகளையும் கண்மட்டத்தில் அடுக்கிக் கட்டினால் ஒரு முனை நீண்டு ஒரு முனை குறுகும். ஒவ்வொரு சிம்பிலும் இரண்டு நுனியிலிருந்தும் 34.4 சென்ரிமீற்றரில் ஒரு கோடு போட வேண்டும். நடுவில் 21.2 சென்ரிமீற்றர் மிஞ்சும். ஒரு சிம்பின் கோடு மற்றச் சிம்பின் கோட்டில் பொருந்துகிற இடமே கட்டுகிற இடம். வேறு நீளத்தில் செய்வோர் சிம்பின் நீளத்தை 0.382ஆல் பெருக்கினால் அந்த அளவு வரும். ஒன்றின் மேல் ஒன்று, அடுத்ததன் கீழ் ஒன்று என்று பின்னிக் கட்டினால் சட்டம் ஆடாது.

கட்டுவதற்குப் பழைய சைக்கிள் ரியூப்பை அரைச் சென்ரிமீற்றர் நாடாவாக வெட்டி எடுத்தார்கள். நூல் முடிச்சு, சிம்பு சுருங்கினால் தளர்ந்துவிடும். றப்பர் தானே இறுகிப் பிடிக்கும். இப்படி இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டினார்கள். பிறகு உட்பக்கச் சந்திகள் ஐந்திலும் குறுஞ்சிம்புகளை முட்டாகக் கொடுத்தார்கள். நடு உப்பி, நட்சத்திரம் உருவம் பெற்றது.

முட்டின் நீளம் இருபத்தொன்று என்றதற்குக் காரணம் உண்டு. நடுத்துண்டும் கிட்டத்தட்ட அதே நீளம் என்பதால், முன்னும் பின்னும் பக்கமும் வருகிற இருபது முக்கோணங்களும் ஒரே அளவாகும். ஓர் அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டி வைத்துக்கொண்டால் இருபதையும் அதைக் கொண்டே வெட்டலாம். மிச்சம் நடுவில் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு ஐங்கோணம் மட்டுமே. பத்து வயது மகன் ஒரு மாலைக்குள் எல்லாவற்றையும் வெட்டி முடித்தான்.

போர்த்தியது யூரியாப் பையின் உள்ளுறை. வெள்ளையாக, வெளிச்சம் ஊடுருவக்கூடியதாக, தண்ணீர் புகாததாக இருக்கும். நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். ஒட்டிய உரம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், ஒட்டுநாடா பிடிக்காது. பொலித்தீனில் மாப்பசையும் ஒட்டாது, சாதாரணப் பசையும் ஒட்டாது. ஓரத்தை இரண்டு சென்ரிமீற்றர் விட்டு வெட்டி, சிம்பின் மேல் மடித்து, அகலமான ஒட்டுநாடாவால் மூடினார்கள். கீழ் முக்கோணங்களை முதலிலும் மேலவற்றைப் பிறகும் ஒட்டியதால், ஓடு வேய்ந்ததுபோல் மேலது கீழதை மூடிக்கொண்டது. முனைகளுக்கு மட்டும் சிவப்புக் கண்ணாடிக் கடதாசி. கீழே பார்த்த இரண்டு முனைகளிலும் ஒரு சென்ரிமீற்றர் வெட்டிவிட்டார்கள், உள்ளே போன தண்ணீர் வடியட்டும் என்று.

குமிழ், மூன்று வாற் எல்ஈடி. இழைக்குமிழ் போட்டால் சூட்டில் பொலித்தீன் உருகும் என்பது ஒரு காரணம். மற்றது கட்டணம். இரவில் ஆறு மணிநேரம், இருபத்தைந்து இரவு என்று வைத்தால் நாற்பது வாற் குமிழுக்கு 6 யூனிற் போகும். மூன்று வாற்றுக்கு அரை யூனிற்கூட இல்லை. 2024இல் மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே கட்டண வீதம் மாறியது. ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டில் நிற்கிற வீட்டுக்கு அந்த ஆறு யூனிற் சிறிய விடயம் அல்ல.

இம்முறை நட்சத்திரம் வாடைக்கு மறைவான தென்மேற்கு மூலையில், ஓட்டு விளிம்புக்கு உள்ளே தொங்கியது. வீதியிலிருந்து பார்ப்பவர் கொஞ்சம் கழுத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

குடில் மூலை

குடிலை நிலத்தில் வைப்பது வழக்கம். இங்கே பழைய எழுதுமேசை ஒன்றின் மேல் வைத்தார்கள். மாரிகாலத்தில் எட்டடி விரியன் இரவில் வீட்டுக்குள் வருவது வன்னியில் புதிதல்ல. நிலத்தில் வைக்கோல் பரப்பி, பின்னால் கடதாசி மலையும் கட்டி வைத்தால் அது ஒளியவே செய்துகொடுத்த இடம். சிறுபிள்ளைகள் கை வைக்கிற இடமும் அதுவே. கறையானும் அப்படித்தான், ஈரநிலத்தில் வைக்கோலை வைத்தால் ஒரு கிழமையில் ஏறிவிடும். மேசைக் கால்கள் நான்கையும் தண்ணீர் ஊற்றிய தகரப் பேணிகளில் நிறுத்தினார்கள். எறும்புக்கும் அது போதும்.

கடதாசி மலை செய்ய, பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து நான்கு சீமெந்துப் பைகள். வெளியில் வைத்து நன்றாக உதறி, தூசு மூக்குக்குப் போகாமல் துணி கட்டிக்கொண்டு, படை படையாகப் பிரித்தார்கள். கோதுமை மா நூறு கிராமை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒரு லீற்றராக்கி, உப்பு ஒரு கரண்டி போட்டுக் காய்ச்சிய பசை. முதல் தடவை கடதாசி முழுவதையும் பசையில் தோய்த்து மலை பிடித்தார்கள். மூன்றாம் நாளும் காயவில்லை. நான்காம் நாள் பச்சைப் பூஞ்சணம். வெயில் காலத்தில் செய்கிற முறை அது.

இரண்டாம் தடவை கடதாசியை உலரவே கசக்கி, விரித்து, மீண்டும் கசக்கி மடிப்பு விழவைத்தார்கள். பசை ஓரங்களில் மட்டும். உள்ளே தேங்காய் மட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். அடுப்புக்கரித் தூளையும் செம்மண்ணையும் தனித்தனியாகக் கரைத்து, துணியால் மேடான மடிப்புகளில் தடவ, பள்ளம் இருண்டு மேடு சிவந்து பாறையாகத் தெரிந்தது. ஒரே நாளில் காய்ந்தது. கசக்குவதே வடிவத்தைத் தரும், பசை தராது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அரைக் கிலோ மாவில் பாதி மிஞ்சியிருக்கும்.

குடிலின் கூரைக்குப் பழைய கிடுகுத் துண்டு. தூண்களுக்கு நட்சத்திரத்தில் மிஞ்சிய சிம்புகள்.

சொரூபங்களில் மாதா, சூசையப்பர், பாலன் மூன்றுதான் வீட்டில் இருந்தன. அதற்கு முந்தியவை இடப்பெயர்வில் போயின. மாடு, ஆடு, இடையர்களைக் களிமண்ணில் செய்தார்கள். குளம் நிரம்பியிருந்ததால் குளத்துக் களி எடுக்க வழியில்லை. கைவிட்ட புற்று ஒன்றின் மண்ணை இடித்து, அரித்து, பிசைந்தார்கள். முதலில் செய்த நான்கும் வெடித்தன. விரைவாகக் காயட்டும் என்று அடுப்படியில் வைத்ததால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி உட்பக்கம் ஈரமாக நின்றதே காரணம். மறுமுறை நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு பொடியாக நறுக்கிய வைக்கோல் சேர்த்து, எதையும் ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் பெரிதாக்காமல், ஈரத்துணி மூடி நிழலில் வைத்தார்கள். ஏழு நாள் எடுத்தது. ஒன்றின் கொம்பு மட்டும் உடைந்தது. அதை எருமைக் கன்று என்று சொல்லிக்கொண்டார்கள்.

குடில் முன்னால் பச்சைப் பயிருக்கு மிச்ச விதைநெல் இருந்தது. முதல் தட்டு 5ஆம் திகதியே விதைத்தது. முளைத்து வந்ததைக் கோழி கொத்தியது. தப்பியதை அறைக்குள் எடுத்து வைத்தார்கள், வெளிச்சம் இல்லாமல் மஞ்சளித்து நீண்டு சாய்ந்தது. இரண்டாவது தட்டு 14ஆம் திகதி ஊறவைத்தது. 24 மணிநேரம் தண்ணீரில், பிறகு ஒன்றரை நாள் ஈரச்சாக்கில் கட்டி முளைகட்டி, இரண்டு சென்ரிமீற்றர் மண் போட்ட தட்டில் நெருக்கமாகப் பரப்பி, பழைய வலைத்துண்டால் மூடி, விறாந்தை விளிம்பில் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்தார்கள். உள்ளே எடுத்தது 23ஆம் திகதிதான். ஏழெட்டுச் சென்ரிமீற்றர் உயரத்தில் நேராக நின்றது. இன்னும் மெல்லிய புல்லாக வேண்டுமென்றால் குரக்கன் விதைக்கலாம்.

மரமும் தொங்கல்களும்

பல வீடுகளில் சவுக்குக் கிளை வெட்டி வைப்பார்கள். கரையோரச் சவுக்குகள் கடற்காற்றை மறிக்க நட்டவை. அதில் கை வைக்க இவர்கள் விரும்பவில்லை, கொண்டுவர வாகனச் செலவும் உண்டு. நவம்பர் காற்றில் முறிந்த கொய்யாக் கொப்பு ஒன்று வளவில் கிடந்தது. நாலரை அடி, நாலு பக்கமும் கவர் விட்டது. இலை உதிர்த்து, மூன்று நாள் அடுப்படியில் உலரவைத்து, வீட்டில் கிடந்த சுண்ணாம்பை இரண்டு பூச்சுப் பூசினார்கள். பழைய பெயின்ற் வாளியில் கல்லும் மணலும் இறுக்கி நட்டார்கள். மணலை மட்டும் போட்டால் சாயும்.

பஞ்சு ஒட்டிப் பனி காட்டுவதைத் தாய் வேண்டாமென்றார். நல்ல முடிவு. இலவம் பஞ்சு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும், மாரியில் மின்சாரம் நின்றால் மெழுகுதிரிதான் எரியும். தவிர, மார்கழிப் பனி இந்த ஊரில் மரத்தில் வெள்ளையாக நிற்பதில்லை.

தொங்கல்களில் மிக நன்றாக வந்தது பால்மாப் பைக்கற். உள்பக்கம் வெள்ளியாக மின்னும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரித்துத் துடைத்து, புத்தகத்துக்குள் ஓரிரவு அழுத்தி, நட்சத்திரங்களாக வெட்டினார்கள். ஈரத்துக்கு அசையாது. நாற்பது நட்சத்திரத்தில் பாதி மரத்துக்கு, பாதி நீலச் சேலைக்கு. யோகட் கோப்பைகளைக் கவிழ்த்து மணிகளாக்கியதும் சரிவந்தது.

அம்மம்மா சார்வோலையில் (இளம் பனையோலை) கிளியும் கிலுகிலுப்பையும் பின்னினார். பச்சையாக வெட்டிய ஓலை வெயில் இல்லாமல் கரும்புள்ளி விழுந்தது. சித்திரை, வைகாசியில் காயவைத்து எடுத்துவைத்த ஓலை அயல்வீட்டில் இருந்தது. அதை வாங்கிச் சாயத்தில் அவித்துப் பின்னியவை மட்டுமே தேறின.

முன்கூடத்து வெளிச்சத்துக்குப் பழைய மாலையில் எரிந்த பாதி பயன்பட்டது. பெட்டியைத் திறந்து துடைத்து இரண்டு நாள் அரிசிக்குள் போட்டு வைத்தார்கள். மினுக்காமல் நிலையாக எரியும் நிலையில் விட்டு, சேலைக்குப் பின்னால் கொடுத்தார்கள். மகள் அந்த வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டியபடி படித்தாள். தண்ணீர் புகுந்த பெட்டியைத் திரும்ப மின்சாரத்தில் கொடுப்பது எங்கள் பார்வையில் ஏற்கக்கூடியதல்ல. இம்முறை ஒன்றும் நடக்கவில்லை என்பது அதைச் சரியாக்காது.

23ஆம் திகதி இரவு

எல்லாம் முடிந்து நட்சத்திரம் எரிந்தது 22ஆம் திகதி. அடுத்த இரவு மழை வலுத்தது. ஒன்பது மணிபோல் ட்ரிப் சுவிச் விழுந்து வீடே இருண்டது. தூக்கிவிட, மறுபடி விழுந்தது.

அயலவர் ஒருவர் ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து நேரடியாகக் கொடுத்தால் பெருநாள் கழியும்வரை பிரச்சினை இராது என்றார். தந்தை மறுத்தார். முப்பது மில்லி அம்பியர் கசிந்தாலே அறுத்துவிடுவது அந்தச் சுவிச்சின் வேலை. அது விழுகிறது என்றால் எங்கோ மின்சாரம் தண்ணீரூடாக ஓடுகிறது. ஈரச் சுவரும் வெறுங்காலும் உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பதன் முடிவு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

எல்லாப் பிளக்கையும் கழற்றி, சுவிச்சைத் தூக்கி, ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினார்கள். நட்சத்திரத்தின் பிளக்கைச் செருகியதும் விழுந்தது. விடிந்து இறக்கிப் பார்த்தபோது ஹோல்டருக்குள் தண்ணீர். நட்சத்திரத்தின் தோல் எங்கும் கிழியவில்லை. வயர் ஓட்டு விளிம்பிலிருந்து சரிந்து நேரே நட்சத்திரத்தின் மேற்சந்திக்குள் இறங்கியிருந்தது. விளிம்பில் சொட்டிய நீர் வயர் வழியே ஓடி ஹோல்டருக்குள் போயிருக்கிறது. தோலை அவ்வளவு கவனமாக வேய்ந்தவர்கள் வயரை மறந்துவிட்டார்கள்.

24ஆம் திகதி காலை புதிய ஹோல்டர் 160 ரூபாய்க்கு வாங்கினார்கள். வயரை நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு வளைத்து, அங்கிருந்து மேலே ஏற்றி, பின்பக்கக் கீழ்ச்சந்தியால் உள்ளே விட்டார்கள். ஓடிவருகிற நீர் வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். உள்ளே வயரை நடு முட்டுகளில் கட்டி மேலே கொண்டுபோய், ஹோல்டர் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தார்கள். நட்சத்திரத்தின் பாரத்தை நைலோன் கயிறு தாங்கியது, வயர் அல்ல. இடையில் ஒரு மூட்டும் இல்லாமல் எட்டு மீற்றர் வயர் ஒரே துண்டாக உட்சுவர்ப் பிளக் வரை போனது. அதன்பின் சுவிச் விழவில்லை.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகுமுன் நட்சத்திரத்தைத் தவிர மற்ற எல்லாப் பிளக்கும் கழற்றப்பட்டன. பாலன் சொரூபத்தை வந்த பிறகு மகன் வைத்தான். குடிலின் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றவில்லை. தண்ணீர்த் தட்டில் வைத்த சிட்டி விளக்கு ஒன்று, மேசையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி எரிந்தது.

கணக்கு

முதல் வாங்கியவை 1,700. பிறகு குமிழ் 280, ஹோல்டர் 160, வயர் 760, பிளக் 170. ஒட்டுநாடா இரண்டு 240, சிவப்புக் கண்ணாடிக் கடதாசி 200, நைலோன் கயிறு 120, கோதுமை மா 110, ஓலைச் சாயம் 120, வர்ணப்பெட்டி 250. கடைசியில் மீண்டும் ஹோல்டர் 160. எல்லாம் 4,270. மிஞ்சிய 730 ரூபாய் கரோல் பாடி வந்தவர்களுக்குத் தேநீரும் பலகாரமும் ஆயிற்று.

இதில் வீணானது முதல் நட்சத்திரத்தின் 950உம் ஹோல்டரின் 160உம், மாலையில் பாதியும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அந்தக் காசு வறுமையால் போகவில்லை, அவசரத்தால் போனது. வர்ணப்பெட்டியும் தேவைப்படவில்லை. கரியும் செம்மண்ணும் சுண்ணாம்புமே களிமண் உருவங்களுக்குப் போதுமாக இருந்தன.

பிளாஸ்ரிக் மரத்தை விட்டதில் வீட்டாருக்குள் ஒத்த கருத்து இல்லை. பத்து வருடம் பாவித்தால் வருடம் 320 ரூபாய்தான் என்பது தந்தையின் கணக்கு. அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் எலி வராத, நனையாத ஒரு மூலை பத்து வருடத்துக்கு வேண்டும். இரண்டு அறை வீட்டில் அந்த மூலையில் நெல் மூட்டை இருக்கிறது.

கழற்றியதும் அடுத்த முறைக்கு மாற்றுவதும்

மூவிராசாக்கள் திருநாள் கழிந்து, பொங்கலுக்கு முன் சோடனை இறங்கியது. நெற்பயிர் மாட்டுக்குப் போனது. கடதாசி மலையில் மேசை தொட்ட அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்திருந்ததால் எரித்தார்கள். களிமண் உருவங்கள் சுடாதவை, ஈரம் பட்டால் கரையும். உமி நிரப்பிய பிஸ்கற் தகரத்துக்குள் போயின. நட்சத்திரத்தின் தோலைக் கழற்றி, சட்டத்தை மட்டும் முட்டுகளை எடுத்துத் தட்டையாக்கி முகட்டு வளையில் கட்டினார்கள். பனஞ்சிம்பில் உக்கல் இல்லை.

மாற்றங்கள் பெரும்பாலும் நாட்காட்டியைப் பற்றியவை. சார்வோலை சித்திரை, வைகாசியில் வெட்டி, அவித்து, உலர்த்தி வைக்க வேண்டும். களி ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றியிருக்கும்போது எடுக்க வேண்டும், உருவங்களை அப்போதே செய்து வெயிலும் நிழலுமாகக் காயவிடலாம், ஒரு சூளைக்காரர் இசைந்தால் சுட்டும் எடுக்கலாம். சீமெந்துப் பையும் யூரியாப் பையும் கிடைக்கிறபோது கழுவி மடித்து வைக்க வேண்டும். நெல் டிசம்பர் 14இல் ஊற வேண்டும், அதற்கு முன் இல்லை. நட்சத்திரம் திருவருகையின் முதல் ஞாயிறுக்கே ஏறலாம், சட்டம் ஆயத்தமாக இருப்பதால் ஒரு மாலை வேலை.

வாங்கவேண்டியது ஒன்றே ஒன்று: முன்கூடத்துக்கு ஒரு புதிய எல்ஈடி மாலை. அதன் பெட்டி சுவருக்கு உள்ளேதான் நிற்கும். அம்மம்மா தகரத்தின் மூடியில் கரித்துண்டால் எழுதி வைத்திருப்பது வேறொன்று: "கோழிக் கூட்டை மூடவும்."